‘கேர்டேக்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து படிக்கவும் எழுதவும் ஒரு வழிகாட்டி

ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றில் ‘கேர்டேக்கர்’ என்ற சொல் ஒரே நாளில் மூன்று பக்கங்களில் மூன்று வேறு பொருள்களில் வரக்கூடும். அரசியல் பக்கத்தில் அது தேர்தல் முடிந்து புதிய அரசு அமையும்வரை பொறுப்பில் இருக்கும் பிரதமரைக் குறிக்கும். விளையாட்டுப் பக்கத்தில், நீக்கப்பட்ட கால்பந்துப் பயிற்சியாளரின் இடத்தில் சில ஆட்டங்களுக்கு மட்டும் நிறுத்தப்படுபவரைக் குறிக்கும். வேலைவாய்ப்பு விளம்பரத்தில், பள்ளிக் கட்டடத்தைத் திறந்து பூட்டி அதன் பழுதுகளைக் கவனிக்கும் ஊழியரைக் குறிக்கும். அகராதியைப் புரட்டினால் ‘பராமரிப்பாளர்’ என்ற ஒரே சொல் கிடைக்கிறது. அதை இம்மூன்று இடங்களிலும் வைத்துப் பார்த்தால், ‘பராமரிப்பாளர் பிரதமர்’, ‘பராமரிப்பாளர் பயிற்சியாளர்’ என்று எவருக்கும் விளங்காத தொடர்களே மிஞ்சும். ஆங்கிலத்தை இப்போதுதான் பழகத் தொடங்கியவர்கள் இச்சொல்லை எதிர்கொள்ளும்போது எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

இச்சொல் ‘கேர்’, ‘டேக்கர்’ என்ற இரண்டு பகுதிகளால் ஆனது. ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று மட்டும் கற்றவர்கள் இங்கே தடுமாற வாய்ப்புண்டு. ‘கேர்கிவர்’ என்பவர் கவனிப்பைத் தருகிறவர், ஆகவே ‘கேர்டேக்கர்’ அதைப் பெறுகிறவர் என்று இரண்டையும் எதிர்ச்சொற்களாகக் கொண்டுவிடுவார்கள். ஆனால் ‘டேக் கேர் ஆஃப்’ என்ற தொடருக்குப் பார்த்துக்கொள்வது, கவனித்துக்கொள்வது என்பதே பொருள். அந்த வினைத்தொடரைச் செய்பவருக்கு இடப்பட்ட பெயர்தான் கேர்டேக்கர். தமிழிலும் ஒருவர் பிள்ளைகள்மீது ‘அக்கறை எடுத்துக்கொள்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். அக்கறையை அவர் யாரிடமிருந்தும் பெறவில்லை.

தொடருக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். ‘டேக் கேர் ஆஃப்’ என்ற தொடர் மிக அகலமானது. குழந்தையைக் கவனிப்பது, கட்டணத்தைச் செலுத்திவிடுவது, ஒரு சிக்கலைத் தீர்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். குற்றக்கதைகளில் ஒருவரைத் தீர்த்துக்கட்டுவதற்கும் அதே தொடரைச் சொல்வார்கள். விடைபெறும்போது சொல்லும் ‘டேக் கேர்’ ஒரு வாழ்த்து. கேர்டேக்கர் என்ற பெயர்ச்சொல்லோ இவ்வளவு அகலமானதன்று. அது ஒரு பொறுப்பில் அமர்த்தப்பட்ட அல்லது பொறுப்பைத் தொடர்ந்து வகிக்கும் ஆளையே பெரும்பாலும் குறிக்கிறது. ஒருநாள் அண்டை வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் கேர்டேக்கர் ஆகிவிடமாட்டார்.

எழுத்தளவில் நெருங்கியிருக்கும் ‘அண்டர்டேக்கர்’ என்ற சொல்லையும் பிரித்தறிய வேண்டும். அது இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்பவரின் பெயர். இரண்டையும் மாற்றி எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார்.

இரண்டாம் படி: கவனிக்கப்படுவது எது என்று கேட்டல்

இச்சொல்லின் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: பொறுப்பில் இருப்பது பிறருடையது, கேர்டேக்கரின் வேலை அதைக் குலையாமல் காத்து, உரியவர் வந்ததும் ஒப்படைப்பது. எனவே வாக்கியத்தில் இச்சொல் வந்தவுடன் பொருளைத் தேடுவதற்கு முன்பாக, எது காக்கப்படுகிறது, அது யாருடையது, எதுவரை என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். காக்கப்படுவது கட்டடமா, ஆளா, பதவியா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது கேள்விக்கு விடை தெளிவாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் பதவியைப் பற்றிய வாக்கியமாகவே இருக்கும்.

கட்டடம் என்றால்

பிரிட்டனில் அடைமொழி எதுவும் இல்லாமல் கேர்டேக்கர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் பள்ளி, தேவாலய மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற கட்டடங்களின் பொறுப்பு ஊழியர். திறப்பதும் பூட்டுவதும், வெப்பமூட்டும் கருவியைக் கவனிப்பதும், சிறு பழுதுகளைச் சரிசெய்வதும், சில இடங்களில் துப்புரவும் அவருடைய பணிகள். இன்றைய விளம்பரங்களில் இதே வேலை ‘சைட் மேனேஜர்’, ‘பிரமிசஸ் மேனேஜர்’ என்ற பெயர்களிலும் வருகிறது. ஸ்காட்லாந்தில் பள்ளியில் இருப்பவர் ‘ஜானிட்டர்’. வாயில் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ஜானிட்டர் முதலில் வாயிற்காவலரையே குறித்தது. அமெரிக்காவில் ஜானிட்டர் என்றால் துப்புரவே முன்னுக்கு நிற்கும். பள்ளிகளில் ‘கஸ்டோடியன்’ என்ற சொல்லும் அதே பணிக்கு வழங்குகிறது. நியூயார்க் போன்ற நகரங்களின் குடியிருப்புகளில் ‘சூப்பரின்டென்டன்ட்’ என்பார்கள், பேச்சில் அது ‘சூப்பர்’ என்று சுருங்கிவிடும். கனடாவில் குடியிருப்புக் கட்டடத்துக்குக் கேர்டேக்கர் என்பதும் வழக்கில் உண்டு.

கஸ்டோடியன் என்ற சொல் இங்கே சற்று நின்று கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பள்ளியில் தரையைத் துடைப்பவருக்கு வழங்கும் அதே சொல்லைத்தான், இரு புனிதப் பள்ளிவாசல்களின் காவலர் என்ற சவுதி அரேபிய மன்னரின் பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதும் பயன்படுத்துகிறார்கள்; மன்னர் ஃபாஹ்து 1986இல் ஏற்றுக்கொண்ட பட்டம் அது. வாடிக்கையாளர்களின் பங்குகளையும் பத்திரங்களையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வங்கிக்கும் கஸ்டோடியன் என்றே பெயர். ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர் என்ற அளவில் கேர்டேக்கருக்கும் கஸ்டோடியனுக்கும் உறவு உண்டு என்றாலும், சட்டமும் பாதுகாப்பும் தொடர்பான இடங்களில் கஸ்டோடியனையும், கட்டடத்தின் அன்றாடப் பராமரிப்பில் கேர்டேக்கரையும் வைப்பதே பொருத்தம். மன்னரின் பட்டத்தில் கேர்டேக்கரை வைத்தால் அது பட்டமாக நிற்காது.

உரிமையாளர் வேறிடத்தில் வாழும் பண்ணை வீடு, பருவம் முடிந்ததும் மூடப்படும் விடுதி, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றுக்கும் கேர்டேக்கர் உண்டு. அங்கேயே தங்கியிருந்தால் ‘லிவ்-இன் கேர்டேக்கர்’ அல்லது ‘ரெசிடென்ட் கேர்டேக்கர்’. வெறுமனே காவல் மட்டும் காப்பவர் ‘வாட்ச்மேன்’ அல்லது ‘செக்யூரிட்டி கார்டு’. உரிமையாளர் பயணம் சென்றிருக்கும் சில வாரங்களுக்கு வீட்டில் தங்கிச் செடிக்கு நீரூற்றுபவர் ‘ஹவுஸ்-சிட்டர்’. வீட்டுக்குள் சமையல், துப்புரவு, பணியாளர் ஏற்பாடு ஆகியவற்றை நடத்துபவர் ‘ஹவுஸ்கீப்பர்’. விலங்குக் காட்சியகத்திலும் கலங்கரை விளக்கத்திலும் ‘கீப்பர்’ என்பதே வழக்கு. அருங்காட்சியகத்தின் சேகரிப்பைத் தேர்ந்து, ஆய்ந்து, காட்சிப்படுத்தும் ‘கியூரேட்டர்’ இந்த வரிசையில் சேரவே மாட்டார். அவரைக் கேர்டேக்கர் என்று எழுதினால் அவர் மனம் வருந்தக் காரணம் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிலவுடைமையாளர்கள் குத்தகை விவசாயிகளை வெளியேற்றிய அக்காலத்தில், வெளியேற்றப்பட்ட குடும்பத்தையே சில வேளைகளில் அதே வீட்டில் ‘கேர்டேக்கர்’ என்ற பெயரில் மீண்டும் குடியமர்த்துவது உண்டு. வீடு அதுவே, அடுப்பும் அதுவே. குத்தகை உரிமை மட்டும் போய்விட்டது. தனக்கு உரிமை இல்லாததைக் காப்பவர் என்ற பொருளின் கொடிய முகம் இது. அத்தகைய ஆவணங்களில் இச்சொல்லைக் காவற்காரர் என்று படித்தால் நடந்த அநீதியே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இராணுவ வரலாற்றில் ஒரு கோட்டையோ முகாமோ ‘கேர்டேக்கர் ஸ்டேட்டஸ்’ நிலையில் வைக்கப்பட்டது என்று வரும். படை விலக்கப்பட்டு, இடம் சிதையாமல் பார்த்துக்கொள்ளச் சிலர் மட்டும் விடப்பட்டனர் என்பது அதன் கருத்து. மூடப்படாமல், உற்பத்தியை மட்டும் நிறுத்திவைத்திருக்கும் சுரங்கத்துக்குச் சொல்லும் ‘கேர் அண்ட் மெயின்டெனன்ஸ்’ என்ற தொடரும் ஏறக்குறைய இதே நிலையைத்தான் குறிக்கிறது.

ஆள் என்றால்

காக்கப்படுவது மனிதராக இருந்தால், எந்த நாட்டு ஆங்கிலம் என்பதைப் பார்க்காமல் எழுதக் கூடாது. முதியவரையோ நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ கவனித்துக்கொள்பவருக்குப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘கேரர்’ என்பதே நிலைபெற்ற சொல். சட்டங்களே அச்சொல்லைத் தாங்கி நிற்கின்றன: பிரிட்டனில் 1995இல் கேரர்களை அங்கீகரிக்கும் சட்டம் இயற்றப்பட்டது, ஆஸ்திரேலியாவில் 2010இல் கேரர் அங்கீகாரச் சட்டம் வந்தது, பிரிட்டன் அரசு வழங்கும் உதவித்தொகைக்குக் ‘கேரர்ஸ் அலவன்ஸ்’ என்று பெயர். அமெரிக்காவில் ‘கேர்கிவர்’ என்பதே மருத்துவமனையிலும் சட்டத்திலும் வழங்கும் சொல். குடும்பத்தவரைக் கவனிப்போருக்காக 2018 ஜனவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின் பெயரிலும் அதுவே இடம்பெற்றுள்ளது.

அப்படியானால் மனிதரைக் கவனிப்பவரைக் கேர்டேக்கர் என்பது பிழையா என்றால், பிழையென்று சொல்ல முடியாது. அமெரிக்க ஆங்கிலத்தில் அது இன்றும் வழக்கில் உள்ளது, அகராதிகளும் ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் பிரிட்டிஷ் வாசகரிடம் ‘என் தாயாருக்கு ஒரு கேர்டேக்கர் இருக்கிறார்’ என்று எழுதினால், அவர் மனத்தில் சாவிக்கொத்துடன் ஒருவர் வந்து நிற்பார். அமெரிக்காவிலும், முதியவரைக் கட்டடம்போலப் பராமரிக்க வேண்டிய பொருளாக இச்சொல் ஆக்கிவிடுகிறது என்று கருதிக் கேர்கிவரையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறோம் என்று உறுதியாகத் தெரியாதபோது கேர்கிவர் என்று எழுதுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. அதை இன்று எல்லா நாட்டவரும் புரிந்துகொள்கிறார்கள், ஆனால் கேரர் என்ற சொல் அமெரிக்க வாசகருக்கு அவ்வளவு பழக்கமானதன்று.

குழந்தை வளர்ப்பு தொடர்பான பழைய உளவியல், மொழியியல் நூல்களில் நிலைமை வேறு. தாய் தந்தை மட்டுமின்றி, குழந்தையை வளர்க்கும் எவரையும் உள்ளடக்கும் பொதுச்சொல்லாக அவற்றில் கேர்டேக்கர் வருகிறது. வளர்ந்தவர்கள் சிறு குழந்தையிடம் குரலை உயர்த்தி, சொற்களைக் குறைத்து, சொன்னதையே திரும்பச் சொல்லிப் பேசும் முறைக்குக் ‘கேர்டேக்கர் ஸ்பீச்’ என்ற பெயர் மொழி கற்பித்தல் துறையில் இன்னும் வழங்குகிறது. அதைக் கேர்கிவர் என்று திருத்த வேண்டிய தேவையில்லை. சட்டத்துறையிலும் ஒரு நிலைத்த தொடர் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனிய உச்ச நீதிமன்றம் 1981இல் அளித்த ஒரு தீர்ப்பு, பெற்றோர் பிரியும்போது குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய ‘பிரைமரி கேர்டேக்கர்’ என்ற அளவுகோலை வகுத்தது. உணவு தயாரித்தது யார், குளிப்பாட்டி உடுத்தியது யார், மருத்துவரிடம் அழைத்துச் சென்றது யார், தூங்கவைத்தது யார் என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே அந்தத் தகுதியை நிர்ணயித்தது. இங்கே இச்சொல் கூலிக்கு அமர்த்தப்பட்டவரைக் குறிக்கவே இல்லை, பெற்றோரில் ஒருவரையே குறிக்கிறது.

‘கார்டியன்’ என்ற சொல்லை இவற்றோடு கலக்க வேண்டாம். அது சட்டப்படி ஒருவருக்காக முடிவெடுக்கும் உரிமை பெற்றவரைக் குறிக்கும். அன்றாடம் உடனிருந்து கவனிப்பவர் அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பதவி என்றால்

செய்திகளைப் படிப்பவர்களுக்கு மிகுந்த குழப்பத்தைத் தருவது இந்தப் பயன்பாடுதான். ‘கேர்டேக்கர் கவர்ன்மென்ட்’ என்ற ஒரே தொடர் இரண்டு வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் குழப்பம் பெரிதும் குறையும்.

முதல் ஏற்பாட்டில் ஆட்கள் மாறுவதில்லை. பழைய அரசே தொடர்கிறது, ஆனால் புதிய அரசு அமையும்வரை மட்டுமே. மக்களவையின் நம்பிக்கையை இழந்தோ, பதவி விலகியோ, அவை கலைக்கப்பட்டோ இருப்பதால் பெரிய கொள்கை முடிவுகளையும் முக்கிய நியமனங்களையும் பெரிய ஒப்பந்தங்களையும் அது தவிர்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆஸ்திரேலியாவில் இதற்கான மரபுகள் எழுத்து வடிவிலேயே உள்ளன. பிரதிநிதிகள் அவை கலைக்கப்படும் நேரத்திலிருந்து ‘கேர்டேக்கர் பீரியட்’ தொடங்குகிறது. இந்திய அரசியலமைப்பில் கேர்டேக்கர் அரசு என்ற சொல்லே இல்லை, ஆனால் வழக்கில் உண்டு. 1979 ஆகஸ்டில் மக்களவையின் நம்பிக்கையைக் கோராமலேயே பதவி விலகிய சரண் சிங், 1980 ஜனவரிவரை இவ்வகையில்தான் பிரதமராக நீடித்தார். 1999 ஏப்ரலில் ஒரே ஒரு வாக்கில் தோற்ற வாஜ்பாய் அரசும் அக்டோபர்வரை தொடர்ந்தது. கார்கில் போர் அந்த இடைவெளியில்தான் நடந்தது. ஆகவே கேர்டேக்கர் அரசு என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அரசு என்று பொருள்கொள்ளக் கூடாது. அவசரம் நேர்ந்தால் அது செயல்பட்டே ஆக வேண்டும். உடனே செய்யத் தேவையில்லாததைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே கட்டுப்பாடு. பெல்ஜியத்தில் 2010 ஜூன் தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைய 541 நாள்கள் ஆயின. அந்தக் காலம் முழுவதும் ஈவ் லெத்தெர்மின் அரசு இந்நிலையில் இருந்துகொண்டே, 2011இல் லிபியா மீதான பன்னாட்டு இராணுவ நடவடிக்கையிலும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு பங்கேற்றது.

இரண்டாவது ஏற்பாட்டில் பழைய அரசு விலகி, கட்சி சாராதவர்கள் என்று கருதப்படும் புதிய ஆட்கள் தேர்தலை நடத்துவதற்காகவே பொறுப்பேற்கிறார்கள். பாகிஸ்தானின் அரசியலமைப்பு இதற்கு இடமளிக்கிறது. 2023 ஆகஸ்டில் பொறுப்பேற்ற அன்வாருல் ஹக் காக்கர் 2024 மார்ச்வரை கேர்டேக்கர் பிரதமராக இருந்தார். வங்கதேசம் 1996இல் 13ஆவது திருத்தத்தின் வழியாக இவ்வேற்பாட்டை அரசியலமைப்பிலேயே சேர்த்து, 2011இல் 15ஆவது திருத்தத்தின் வழியாக நீக்கியது. 2024 ஆகஸ்டில் முகமது யூனுஸ் தலைமையில் அமைந்த அரசை ஆங்கில ஊடகங்கள் கேர்டேக்கர் என்று எழுதாமல் இடைக்கால என்று பொருள்படும் ‘இன்டெரிம்’ என்ற சொல்லால் எழுதியது தற்செயலன்று. கேர்டேக்கர் என்ற சொல்லுக்கு அந்நாட்டில் குறிப்பிட்ட அரசியலமைப்புப் பொருள் இருந்தது, அந்த ஏற்பாடு நீக்கப்பட்டுவிட்ட பின் அமைந்த அரசு இது. ஆக, செய்தியில் இச்சொல் வரும்போது பொறுப்பில் இருப்பவர் பழைய பிரதமரா, புதிதாக வந்தவரா என்பதை முதலில் தேடுங்கள்.

பிரிட்டிஷ் வரலாற்றில் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்க்காலக் கூட்டணி 1945 மே 23இல் முடிவுக்கு வந்ததும் சர்ச்சில் அமைத்த அமைச்சரவையை வரலாற்றாசிரியர்கள் கேர்டேக்கர் அமைச்சரவை என்கிறார்கள். தலைவர் பழையவர், அமைச்சரவை புதிது. ஜூலை 26இல் தேர்தல் முடிவு வெளியானதும் அது போய்விட்டது.

இனி, இச்சொல்லோடு போட்டியிடும் மற்ற இரண்டு சொற்கள். ‘ஆக்டிங்’ என்பது பதவிக்குரியவர் இல்லாதபோதோ இடம் காலியாக இருக்கும்போதோ அவருடைய பணிகளைச் செய்பவரைக் குறிக்கும். தமிழில் ‘பொறுப்பு’ என்ற முன்னொட்டோடு எழுதுகிறோமே, அது. ‘இன்டெரிம்’ என்பது ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரையுள்ள இடைவெளியை வலியுறுத்தும். நேரு 1964இலும் சாஸ்திரி 1966இலும் மறைந்தபோது பிரதமர் பொறுப்பேற்ற குல்சாரிலால் நந்தாவை இவ்விரு சொற்களாலேயே பெரிதும் குறிப்பிடுகிறார்கள். கேர்டேக்கர் என்ற சொல்லின் அழுத்தமோ அதிகாரத்தின் வரம்பில் விழுகிறது: இருப்பார், ஆனால் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்.

கால்பந்தில் இவ்வேறுபாடு ஓரளவு காலத்தைச் சார்ந்தது. மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் 2021 நவம்பரில் ஓலே குன்னர் சோல்ஷார் விலகியதும் மைக்கேல் கேரிக் 3 ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். அவர் கேர்டேக்கர் மேனேஜர். அவரை அடுத்துப் பருவம் முடியும்வரை அமர்த்தப்பட்ட ரால்ஃப் ராங்னிக் இன்டெரிம் மேனேஜர். இதைப் பார்த்துச் சில ஆட்டங்கள் என்றால் கேர்டேக்கர், பல மாதங்கள் என்றால் இன்டெரிம் என்று விதி வகுத்துவிடத் தோன்றும். ஆனால் அதே சோல்ஷார் 2018 டிசம்பரில் பருவம் முடியும்வரை என்று அமர்த்தப்பட்டபோது கேர்டேக்கர் என்றே அறிவிக்கப்பட்டார், மூன்று மாதங்களில் நிரந்தரப் பயிற்சியாளராகவும் ஆனார். எனவே இதைப் போக்கு என்று கொள்ளலாம், விதி என்று கொள்ள முடியாது.

பதவிப் பொருளில் இச்சொல்லுக்கு ஒரு குத்தலும் உண்டு. முழு அதிகாரத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டவரைக்கூட ‘வெறும் கேர்டேக்கர்’ என்று எழுதினால், அவர் காலத்தை ஓட்டுகிறாரே தவிர எதையும் செய்யவில்லை என்ற விமர்சனம் அதில் அடங்கியிருக்கிறது. 1958இல் 76 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்ட போப்பாண்டவர் 23ஆம் யோவானைப் பலரும் இடைக்காலத்துக்கு வந்தவர் என்ற பொருளில் கேர்டேக்கர் போப் என்றே எண்ணினார்கள். அவரோ சில மாதங்களுக்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு மொழி உட்படப் பலவற்றின் மாற்றத்துக்கு வழி திறந்தார்.

இவற்றில் அடங்காதவை

மரபியலில் ‘கேர்டேக்கர் ஜீன்’ என்ற கலைச்சொல் உண்டு. புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களை அமெரிக்க ஆய்வாளர்களான கின்ஸ்லரும் வோகல்ஸ்டைனும் 1997இல் இரண்டாகப் பிரித்தார்கள். செல்லின் பெருக்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துபவை ‘கேட்கீப்பர்’, டி.என்.ஏ.யில் ஏற்படும் பழுதுகளைச் சரிசெய்து மரபுத்தொகுதி நிலைகுலையாமல் காப்பவை ‘கேர்டேக்கர்’. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒருவர் வாயிலைக் காக்கிறார், மற்றவர் கட்டடத்தைப் பராமரிக்கிறார் என்ற அன்றாட வேறுபாட்டையே அறிவியலும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

பூமியின் கேர்டேக்கர்கள், மரபின் கேர்டேக்கர்கள் என்பன போன்ற உருவகப் பயன்பாடுகளையும் காணலாம். சமயம், சுற்றுச்சூழல் சார்ந்த எழுத்தில் இதே கருத்துக்கு, பிறர் உடைமையை நிர்வகிப்பவர் என்று பொருள்படும் ‘ஸ்டூவர்ட்’ என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். கணக்கு ஒப்புவிக்கும் கடமை அச்சொல்லில் கூடுதலாக ஒலிக்கிறது.

மூன்றாம் படி: வாக்கியத்தில் அமைக்கும் முறை

இன்று கேர்டேக்கர் என்பதை இடைக்கோடின்றி ஒரே சொல்லாக எழுதுவதே வழக்கம். பழைய நூல்களில் இடைக்கோட்டோடு வரும். ஒலிக்கும்போது அழுத்தம் ‘கேர்’ என்ற முதல் அசையில் விழ வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் இதே வடிவம்தான்.

பதவிப் பொருளில் இது பெரும்பாலும் இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைபோல நிற்கும். அப்போது இது பன்மை ஏற்காது. பயிற்சியாளர்கள் இருவர் என்றால் ‘கேர்டேக்கர் மேனேஜர்ஸ்’ என்று பின்வரும் சொல்லே பன்மையாகும். அடையாக நிற்கும் இவ்விடத்தையும் வேற்றுமை உருபு ஏற்கும் இடத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ‘கேர்டேக்கர்ஸ் காட்டேஜ்’ என்பது கேர்டேக்கர் குடியிருக்கும் சிறு வீடு. அங்கே உடைமைக்குறி அவசியம். கட்டடத்துக்கும் உருவகத்துக்கும் ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல் பெரும்பாலும் பொருந்தும். பணியிடத்தைச் சொல்லும்போது ‘அட்’. மனிதரைக் கவனிப்பதைச் சொல்லும் அமெரிக்க வழக்கில் ‘ஃபார்’ இயல்பாக வரும்.

பெயர்ச்சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிறந்த ‘கேர்டேக்’ என்ற வினையும் அகராதியில் இருக்கிறது, அதன் இறந்தகாலம் ‘கேர்டுக்’. தொடக்கநிலையில் அதைத் தொடவே வேண்டாம். ‘லுக் ஆஃப்டர்’ அல்லது ‘டேக் கேர் ஆஃப்’ என்று எழுதினால் எந்த நாட்டிலும் வழு இல்லை. ‘கேர்டேக்கிங்’ என்ற தொழிற்பெயரைப் பயன்படுத்தலாம்.

நான்காம் படி: தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே

தமிழாக்கம் செய்பவர், கட்டடப் பொருளில் ‘கட்டடப் பொறுப்பாளர்’ என்றும், மனிதரைக் கவனிக்கும் பொருளில் ‘பராமரிப்பாளர்’ என்றும் எழுதலாம். அரசைக் குறிக்கும்போது தமிழ் நாளிதழ்கள் ‘காபந்து அரசு’ என்றும் ‘இடைக்கால அரசு’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இவற்றில் காபந்து அரசைக் கேர்டேக்கருக்கும் இடைக்கால அரசை இன்டெரிமுக்கும் ஒதுக்கிவைப்பது நல்லது. அவ்வாறு ஒதுக்காவிட்டால் வங்கதேசச் செய்தி போன்ற இடங்களில் இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒன்றாகத் தோன்றிவிடும். மரபணுவுக்குப் ‘பேணும் மரபணு’ என்பது போதும்.

ஆங்கிலத்துக்குச் செல்லும்போது சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. ‘காப்பாளர்’ என்ற தமிழ்ச்சொல்லைக் கண்டவுடன் கேர்டேக்கர் என்று எழுதிவிடக் கூடாது. மாணவர் விடுதிக் காப்பாளர் ‘வார்டன்’, சட்டப்படியான காப்பாளர் ‘கார்டியன்’, அருங்காட்சியகக் காப்பாளர் ‘கியூரேட்டர்’. நான்காவதாக, கட்டடத்தைக் காப்பவர் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே கேர்டேக்கர்.

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். முதியவர்களைக் கவனித்த அனுபவத்தைக் கேர்டேக்கர் என்ற பெயரில் எழுதி ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு அனுப்பினால், அதைப் பார்ப்பவர் கட்டடப் பராமரிப்பு அனுபவம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே கேரர் அல்லது ‘கேர் ஒர்க்கர்’ என்றும், அமெரிக்காவுக்குக் கேர்கிவர் என்றும் எழுத வேண்டும். விளம்பரத்தைப் படிக்கும்போதும் பதவிப் பெயரோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பணிப்பட்டியலைப் பாருங்கள். சாவி, பழுதுபார்த்தல், துப்புரவு என்று வந்தால் அது ஒரு வேலை. குளிப்பாட்டுதல், மருந்து கொடுத்தல், துணையிருத்தல் என்று வந்தால் அது முற்றிலும் வேறு வேலை. அந்த இரண்டாவது வேலைக்குப் பல நாடுகளில் தனிப் பயிற்சியோ பின்னணிச் சரிபார்ப்போ தேவைப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே எது என்று எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.